கல்லும் காரையும் சிமெண்டும்: திருப்புல்லாணிக் கரையில் ஒரு வரலாற்றுப் பாடம்

இராமநாதபுரத்திற்குத் தெற்கே சுமார் பத்துக் கிலோமீட்டர் தொலைவில் கடலை அணுகி அமைந்த ஊர் திருப்புல்லாணி. வைணவப் பெருமக்கள் போற்றும் நூற்றெட்டுத் திருப்பதிகளுள் ஒன்றான ஆதி ஜெகந்நாதப் பெருமாள் கோயில் இங்கு உள்ளது. தமிழக முஸ்லிம்களின் வரலாற்றைத் தேடுவோரும் இக்கோயிலுக்கு வராமல் இருக்க இயலாது. பவித்திரமாணிக்கப்பட்டினத்தில் இருந்த 'சோனகச் சாமந்தப் பள்ளி' என்னும் பள்ளிவாசலுக்குப் பாண்டிய அரசு அளித்த கொடையைக் கூறும் பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கல்வெட்டு இங்குதான் பொறிக்கப்பட்டுள்ளது. சோனகர் என்பது அரபு வழி முஸ்லிம்களை அந்நாளில் தமிழ் மக்கள் அழைத்த பெயர். இராமநாதபுரத்து வரலாற்றறிஞர் எஸ். எம். கமால் 'முஸ்லீம்களும் தமிழகமும்' என்னும் நூலில் இத்தகைய சான்றுகளைத் தொகுத்துத் தந்து நமக்குப் பேருதவி புரிந்துள்ளார்.

இந்தப் பட்டினம் இன்றைய பெரியபட்டினமே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அங்கு நடந்த கள ஆய்வுகளிலும் அகழாய்விலும் சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. 1344 அளவில் மஅபர் நாட்டுக்கு வந்த இப்னு பதூதா 'ஃபத்தன்' என்னும் துறைமுகத்தைப் பற்றி எழுதும்போது, அங்கே கல்லால் கட்டப்பட்ட அழகிய பள்ளிவாசல் ஒன்று இருந்ததைக் குறிப்பிடுகிறார். அந்த ஃபத்தனும் இதே ஊராக இருக்கலாம் என்பர்.

ஈண்டு ஒரு செய்தி நம் உள்ளத்தை உறுத்துகிறது. கொடையைக் கூறும் கல், கோயிலில் ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளாக நிற்கிறது. கொடை பெற்ற பள்ளியின் சுவர் என்று கை தொட்டுக் காட்டக்கூடிய கல் எதனையும் நாம் கண்டதில்லை. கல் அழிந்ததா, இடிக்கப்பட்டதா, அல்லது நம் கண்ணுக்குத் தெரியாமல் ஏதேனும் பூச்சுக்குள் புதைந்து கிடக்கிறதா? இந்த வினாவே நம்மைக் கல், காரை, சிமெண்டு ஆகிய மூன்றின் இயல்பையும் ஆராயத் தூண்டிற்று. அரபுக் கல்லூரி ஆசிரியருக்குக் கட்டுமானப் பொருளில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். அதற்கான காரணத்தைக் கட்டுரையின் பிற்பகுதியில் கூறுவோம்.

மோதிரத்தில் உள்ளதும் மலையில் உள்ளதும்

கீழக்கரை வணிகர் இலங்கையோடு நெடுங்காலம் இரத்தின வாணிபம் செய்தவர்கள். அவர்கள் கையாண்ட நவமணிகளுள் ஒன்று கோமேதகம். இலங்கையின் ஆற்றுப் படுகைச் சரளைகளில் கிடைக்கும் தேன் நிறக் கோமேதகத்தை வேதியியலார் பகுத்துப் பார்த்தால் அது கால்சியம், அலுமினியம், சிலிக்கான், ஆக்சிஜன் ஆகிய நான்கும் சேர்ந்த கால்சியம் அலுமினிய சிலிக்கேட் என்பர். சிறிதளவு இரும்பும் மாங்கனீசும் கலப்பதால் அதற்கு நிறம் வாய்க்கிறது.

இதே நான்கு தனிமங்கள் வேறொரு வகையில் அடுக்கப்பட்டால் 'அனார்த்தைட்' என்னும் கனிமம் உண்டாகிறது. இது ஃபெல்ஸ்பார் குடும்பத்தைச் சேர்ந்தது. பூமியின் மேலோட்டில் ஏறத்தாழப் பாதி இந்தக் குடும்பமே. நாம் கருங்கல் என்று பொதுவாகச் சொல்லும் பாறைகளை உற்று நோக்கினால் வெண்மையாகவும் சாம்பல் நிறமாகவும் தெரியும் மணிகளில் பெரும்பாலானவை ஃபெல்ஸ்பாரே. அவற்றுள் கால்சியமும் சோடியமும் கலந்த வகையைப் பிளேஜியோகிளேஸ் என்பர். கோயில் தூணும் பள்ளிவாசல் தூணும் உளியின் அடியைத் தாங்கி, எழுத்தை ஏற்று, மழையிலும் வெயிலிலும் நிலைப்பதற்கு இக்கனிமங்கள் ஒன்றோடொன்று இறுகப் பின்னிக் கிடப்பதே காரணம்.

எனினும் இராமநாதபுரக் கடற்கரையில் கருங்கல் மலை இல்லை. இங்குள்ளவை மணல், மணற்பாறை, கடலுக்குள் வளர்ந்த முருகைக்கல் ஆகியவையே. எனவே கீழக்கரைப் பழைய ஜும்ஆப் பள்ளி போன்றவற்றின் கருங்கல் தூண்களும் உத்தரங்களும் உள்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டிருக்க வேண்டும். இப்பகுதிப் பள்ளிகள் வளைவுகளை நம்பாமல் தூண், போதிகை, உத்தரம், கற்பலகைக் கூரை என்னும் நம் நாட்டு முறையில் எழுந்தவை. உருவங்கள் இருக்க வேண்டிய இடத்தில் பூக்களும் கொடிகளும் மட்டும் செதுக்கப்பட்டிருக்கும். தென்னிந்திய முஸ்லிம் கட்டடங்களைப் பற்றி மெஹ்ர்தாத் ஷொக்கூஹி 2003இல் வெளியிட்ட ஆங்கில நூல், இம்மரபை அளந்தும் வரைந்தும் பதிவு செய்துள்ளது.

கல் கரைந்து களியாகிறது

கருங்கல்லும் என்றென்றைக்கும் நிலைப்பதன்று. காற்றிலுள்ள கரியமில வாயு மழைநீரில் கரைந்து அதனை மெல்லிய அமிலமாக்குகிறது. அந்நீர் பல்லாயிரம் ஆண்டுகள் ஃபெல்ஸ்பாரைத் தீண்டும்போது அதிலுள்ள கால்சியமும் சோடியமும் கரைந்து வெளியேறுகின்றன. அலுமினியமும் சிலிக்கானும் எஞ்சிக் களிமண்ணாகின்றன. கரைந்த கால்சியம் ஆற்றின் வழியே கடலை அடைகிறது. அங்கே சிப்பியும் கிளிஞ்சலும் பவள உயிரிகளும் அதனை உண்டு தம் ஓடுகளையும் கூடுகளையும் கட்டிக்கொள்கின்றன. இவ்வாறு மலையில் ஒன்றாயிருந்தவை பிரிந்து, களிமண் வயலிலும் சுண்ணாம்பு கடலிலும் சேர்கின்றன.

நம் முன்னோர் இவ்விரண்டையும் மீண்டும் சேர்த்தனர். கிளிஞ்சலையும் முருகைக்கல்லையும் காளவாயில் இட்டுச் சுமார் 900 பாகை வெப்பத்தில் சுட்டால் கரியமில வாயு நீங்கிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கிறது. நீர் ஊற்றி அதனை நீற்றி, மணலோடு சேர்த்து, மாடு கட்டி இழுக்கும் கல் உருளையால் வட்டப் பள்ளத்தில் அரைத்தனர். பனைவளம் மிக்க இம்மாவட்டத்தில் கருப்பட்டி நீருக்கும் குறைவில்லை. கடுக்காய் ஊறிய நீரும் சேர்ந்தது. இதுவே காரை.

தூய சுண்ணாம்புக் காரை காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சியே இறுகும். அது மெதுவான வேலை. ஈரம் நீங்காத கிணற்றிலும் ஹவ்ளிலும் அது இறுகாது. அதற்கு மாற்று, செங்கல்லை இடித்த தூள். பாரசீகத்தில் சிவப்பைக் குறிக்கும் 'சுர்க்' என்னும் சொல்லிலிருந்தே 'சுர்க்கி' என்னும் பெயர் வந்தது. அளவாகச் சுட்ட களிமண்ணில் உள்ள அலுமினியமும் சிலிக்கானும் சுண்ணாம்போடும் நீரோடும் வினைபுரிந்து, நீர் ஏறிய கால்சியம் அலுமினிய சிலிக்கேட்டுகளை உண்டாக்குகின்றன. அவை நீருக்கடியிலும் இறுகும். மழைநீர் பிரித்தவற்றைக் கொத்தனாரின் கரணை மீண்டும் ஒன்றாக்கியது என்று சொல்வது மிகையாகாது.

இவ்வறிவு நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. உரோமானியர் நேப்பிள்ஸை அடுத்த பொசுவோலியின் எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு கலந்து கடலுக்குள் துறைமுகச் சுவர்களை எழுப்பினர். அச்சுவர்களில் அலுமினியம் கலந்த டோபர்மோரைட் என்னும் கால்சியம் சிலிக்கேட் கனிமம் கடல்நீரின் துணையால் பின்னும் வளர்ந்திருப்பதை 2017இல் வெளிவந்த ஆய்வு ஒன்று விளக்கியது. உஸ்மானியத் துருக்கியர் செங்கல் தூள் கலந்த காரையைக் 'குராசான்' என்று அழைத்தனர்.

அரபு நூல்களில் காரை

நம் மார்க்க நூல்களிலும் இப்பொருள் பற்றிய குறிப்புகள் இருப்பது கருதத்தக்கது. திருக்குர்ஆனின் 22ஆம் அத்தியாயம் 45ஆம் வசனத்தில் வரும் 'மஷீத்' என்னும் சொல்லுக்கு, 'ஷீத்' எனப்படும் சாந்து பூசப்பட்டது என்று விரிவுரையாளர் சிலர் பொருள் கூறுவர். உயர்த்திக் கட்டப்பட்டது என்று பொருள் கொண்டோரும் உளர். அந்த வசனம் பேசுவது, பாழடைந்த கிணற்றையும் ஆளின்றிக் கிடக்கும் மாளிகையையும் பற்றி என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

மதீனாவின் மஸ்ஜிதுந் நபவீ, அண்ணல் நபி (ஸல்) அவர்கள் காலத்தில் பச்சைச் செங்கல்லாலும் ஈச்ச மரத்தாலும் ஆனது. உமர் (ரலி) அவர்கள் அதே பொருள்களைக் கொண்டே விரிவாக்கினார்கள். உஸ்மான் (ரலி) அவர்கள் ஹிஜ்ரி 29இல் செதுக்கிய கல்லாலும் 'கஸ்ஸா' என்னும் சாந்தாலும் சுவர் எழுப்பித் தேக்கு மரத்தால் கூரை வேய்ந்தார்கள் என்பது இப்னு உமர் (ரலி) வாயிலாக ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்ற செய்தி. பள்ளியைப் புதுப்பிப்பதும், அதற்குப் புதிய பொருளைக் கையாள்வதும் நம் மரபுக்குப் புறம்பானவையல்ல என்பதற்கு இதுவே சான்று.

இப்னு கல்தூன் 1377இல் எழுதிய முகத்திமாவில் கட்டடத் தொழிலுக்கென ஓர் இயலே ஒதுக்கியுள்ளார். சுண்ணாம்பை நீரில் ஓரிரு வாரங்கள் ஊறவிட்டு, அதன் மிகையான சூடு தணிந்து பக்குவம் அடைந்த பின்னரே சுவரில் பூச வேண்டும் என்பது அவர் தரும் விளக்கத்தின் சாரம். ஊறாத சுண்ணாம்பு சுவரில் ஏறிய பின் நீற்றுப் பொங்கிப் பூச்சைப் பிளக்கும் என்பதை நம்மூர் கொத்தனார்களும் நன்கறிவர்.

சிமெண்டின் வருகை

இங்கிலாந்தில் எடிஸ்டோன் கலங்கரை விளக்கத்தைக் கட்டும் பொறுப்பை 1756இல் ஏற்ற ஜான் ஸ்மீட்டன், களிமண் கலந்த சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் அது நீரிலும் இறுகும் என்று கண்டார். 1824இல் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லண்டு சிமெண்டு என்னும் பெயரில் காப்புரிமை பெற்றார். இன்றைய சிமெண்டு அதனினும் மேம்பட்டது. சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் அரைத்துச் சுழலும் உலையில் சுமார் 1450 பாகை வெப்பத்தில் சுட்டால் கிளிங்கர் என்னும் கட்டிகள் கிடைக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி இருவகைக் கால்சியம் சிலிக்கேட். எஞ்சியவற்றுள் முக்கியமானவை கால்சியம் அலுமினேட்டும் இரும்பு கலந்த அலுமினேட்டும். அலுமினேட் நீர் பட்டவுடன் விரைந்து இறுகிவிடும் ஆதலால், அதனைத் தணிக்க ஜிப்சம் சேர்த்து அரைக்கின்றனர்.

இந்தியாவில் சிமெண்டு செய்யும் முதல் முயற்சி 1904இல் சென்னையில், கடற்சிப்பிகளைக் கொண்டே நடந்தது. அது நிலைக்கவில்லை. 1914இல் போர்பந்தரில் தொடங்கிய ஆலையே வெற்றி கண்டது. தென்கோடியில் திருநெல்வேலியை அடுத்த தாழையூத்து ஆலை 1949இல் உற்பத்தியைத் தொடங்கியது. அதன் பின் இக்கரையோர ஊர்களிலும் சிமெண்டு மூட்டை எளிதாகக் கிடைக்கலாயிற்று. சுண்ணாம்பு அரைக்கும் வட்டப் பள்ளங்கள் மெல்ல மெல்லத் தூர்ந்தன.

சிமெண்டை நாம் குறைகூற வரவில்லை. 1988இல் திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலம் காரையால் எழக்கூடியதன்று. அனல் மின் நிலையச் சாம்பலையும் இரும்பாலைக் கசடையும் கலந்த சிமெண்டு இன்று பரவலாக விற்கிறது. அக்கசடு கண்ணாடி நிலையில் உள்ள கால்சியம் அலுமினிய சிலிக்கேட்டே. சாம்பல் செய்யும் வேலையோ நம் சுர்க்கி செய்ததே. ஆக, புதிய தொழிலும் பழைய அறிவுக்கே திரும்பி வந்துள்ளது. புதிய கட்டடத்துக்குப் புதிய பொருள் தகும். பழைய சுவருக்கு அது தகுமா என்பதே நம் வினா.

நாம் கண்டதும் நாம் செய்ததும்

சில ஆண்டுகளுக்கு முன், இக்கரையோரச் சிற்றூர் ஒன்றின் பழைய பள்ளியில் ஒரு நிலைப்படியின் மேல் அரபு எழுத்துகள் இருந்ததாகவும், அவற்றைப் படித்துச் சொல்ல வேண்டும் என்றும் இளைஞர் சிலர் நம்மை அழைத்துச் சென்றனர். சென்று பார்த்தபோது அங்கே எழுத்து இல்லை. வழுவழுப்பான சிமெண்டுப் பூச்சும் அதன் மேல் பச்சை வண்ணமும் இருந்தன. ஊர்ப் பெரியவர் ஒருவரை விசாரித்தோம். பூச்சு பூசி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று என்றார். பின்பு நம் முகத்தைப் பார்த்து, "ஹஜரத், அன்னைக்குப் பூசலாமான்னு உங்ககிட்டத்தானே கேட்டோம்? பள்ளியைச் சுத்தமா வச்சுக்கிறது நல்லதுதானேன்னு நீங்கதான் சொன்னீங்க" என்றார்.

நாம் மறந்திருந்தோம், அவர் மறக்கவில்லை. அன்று நாம் அச்சுவரை நேரில் பார்க்கவும் இல்லை. அதில் எழுத்து உண்டா என்று கேட்கவும் இல்லை. சுத்தம் பற்றிய பொது விதியைக் கூறி அனுப்பிவிட்டோம். இளைஞர்கள் பூச்சின் ஓர் ஓரத்தை மெதுவாகத் தட்டிப் பார்த்தனர். பூச்சோடு கல்லின் மேல்தோலும் பெயர்ந்து வந்தது. பெயர்ந்த சில்லின் உட்புறத்தில் ஓர் அலிஃபின் மேற்பாதி இருந்தது. அதற்கு மேல் தட்ட வேண்டாம் என்று நிறுத்தச் சொன்னோம். அப்பள்ளியை யார் கட்டினார், எந்த ஆண்டு கட்டினார் என்பதை அறியும் வழி அதனுள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறது.

இது ஏன் நேர்கிறது? பழைய காரைச் சுவர் மூச்சுவிடும் சுவர். நிலத்திலிருந்து ஏறும் ஈரம் அதன் நுண்துளைகள் வழியே வெளியேறி உலர்ந்துவிடும். கடற்கரை மண்ணின் உப்பும் அவ்வீரத்தோடு வந்து காரையின் மேற்பரப்பில் பூத்து உதிரும். காரை தேயும்; கல் பிழைக்கும். தேய்ந்த காரையைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிப்பதே முன்னோர் வழக்கம். அதன் மேல் அடர்ந்த சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியேறும் வாயில் அடைபடுகிறது. உப்பு பூச்சுக்குப் பின்னாலேயே படிகமாகி, கல்லின் தோலை உள்ளிருந்து நெம்புகிறது. கடல்நீரிலும் பழைய சாந்திலும் உள்ள சல்பேட், சிமெண்டின் அலுமினேட்டோடு சேர்ந்து எட்ரிங்கைட் என்னும் ஊசிப் படிகமாகப் பருத்து விரிசலை உண்டாக்குவதும் உண்டு. வெளியே பார்க்கப் புதுச்சுவர். உள்ளே கல் மாவாகிக்கொண்டிருக்கும்.

1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியின் தேவாலயச் சுவர்களைக் கண்டோர் அறிவர். கூரை போயிற்று, முருகைக்கல் சுவர்கள் கடற்காற்றில் இன்னும் எஞ்சி நிற்கின்றன. அதே கரையில் உப்பு நீக்காத மணலால் அவசரமாக எழுப்பிய கான்கிரீட் கூரைகள், கம்பி துருப்பிடித்துச் சில்லுச் சில்லாக உதிர்வதை நம் வீடுகளிலேயே காண்கிறோம். கம்பிக்கு வெளியே இருக்க வேண்டிய கான்கிரீட்டின் கனம், கலவையின் தரம், கடல்நீரைக் கலவைக்குப் பயன்படுத்தலாகாது என்பன போன்றவை இந்தியத் தர விதி 456இல் (2000) தெளிவாக உள்ளன. குறை சிமெண்டினுடையதன்று, அதன் இயல்பை அறியாமல் கையாளும் நம்முடையது.

செய்யத்தக்கவை

பழைய பள்ளி, தர்கா, மையவாடி ஆகியவற்றைப் பொறுப்பேற்றிருப்போர் பராமரிப்பைத் தொடங்கும் முன் சுவர்களையும் மீஸான் கற்களையும் படம் எடுத்து வைக்க வேண்டும். எழுத்து தென்பட்டால் மைப்படி எடுக்கத் தெரிந்தோரை அழைக்க வேண்டும். எழுத்துள்ள கல்லின் மேல் சிமெண்டும் எண்ணெய் வண்ணமும் ஏறக் கூடாது. முன்பே பூசியிருந்தால் சுத்தியலால் தட்டிப் பெயர்க்க முயலாமல், பழங்கட்டடப் பாதுகாப்பு அறிந்த வல்லுநரிடம் ஒப்படைப்பதே நன்று.

காரைச் சுவரைக் காரையாலேயே பழுதுபார்க்க வேண்டும். அதற்கு முருகைக்கல்லைத் தேடிப் போகலாகாது. மன்னார் வளைகுடாவின் இருபத்தொரு தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டு, அவற்றை எடுப்பது குற்றமாயிற்று. சுண்ணாம்புக்கும் ஆலைகளுக்கும் பவளம் வெட்டியதும் ஒரு காரணமாக, அத்தீவுகளுள் இரண்டு கடலில் அமிழ்ந்துபோயின. உள்நாட்டுச் சுண்ணாம்புக்கல்லிலிருந்தும் கிளிஞ்சலிலிருந்தும் நல்ல சுண்ணாம்பு இன்றும் கிடைக்கிறது. அதை ஊறவைத்து அரைக்கும் பக்குவம் அறிந்த முதிய கொத்தனார்கள்தாம் குறைந்து வருகின்றனர். அவர்கள் இருக்கும்போதே இளையோர் கற்றுக்கொள்ள வேண்டும்.

தொழுகையாளர் பெருகும்போது இடம் விரிவது தவிர்க்க முடியாதது. அப்போது பழைய கட்டடத்தை ஒட்டி, அதன் மேல் சுமை ஏற்றாமல், புதியதைத் தனியே எழுப்பலாம். உஸ்மான் (ரலி) அவர்களின் முன்மாதிரி விரிவாக்கத்திற்குச் சான்று. விசாரிக்காமல் பூசிவிடுவதற்கு அதனைச் சான்றாக்க இயலாது. வக்ஃபு என்பது நிலமும் வாடகையும் மட்டுமன்று. கொடுத்தவர் யார், எதற்குக் கொடுத்தார் என்னும் செய்தியும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமே.

அலிஃபின் பாதி ஒட்டிய அந்தச் சில்லை இளைஞர்கள் ஒரு துணியில் சுற்றிப் பள்ளியின் அலமாரியில் வைத்துள்ளனர். அடுத்த முறை எவரேனும் "பூசலாமா?" என்று நம்மிடம் கேட்டால், முதலில் அச்சுவரைப் பார்க்கப் புறப்படுவது என்று முடிவு செய்துள்ளோம்.